கலி முடியும்வரை

"கலி முத்திப்போச்சு" என்று எர்ணாவூரில் ஒருவர் சொன்னால், அதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கிவிட என்னால் முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வடசென்னைக் குப்பங்களில் வீடிழந்தவர்களில் பலர் எர்ணாவூரில் எழுந்த சுனாமி குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்தை ஒட்டி இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரைப் பாறைகளுக்கிடையே சேறாகத் தேங்கியது. அதை ஆள்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெயைச் சுமந்துகொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை போனது. வழியில் எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது. அதே மாதம் 26ஆம் தேதி, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறியவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இதைக் கலியின் அடையாளம் என்று சொல்பவர்களின் பக்கத்து வீட்டில் "வருகை சமீபம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சற்றுத் தள்ளிப் போனால் "கியாமத்தின் அடையாளம்" என்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. கலி என்பது சுழலும் காலத்தின் கடைசிப் படி. அது முடிந்தால் மறுபடியும் கிருதயுகம். கிறித்தவர் எதிர்பார்க்கும் வருகை ஒரே ஒருமுறை நிகழ்வது, வரலாறே அதோடு நிறைவுறுகிறது. இஸ்லாம் சொல்லும் கியாமத்தில் உயிர்த்தெழுப்புதலும் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்பதும் மையம். மத வரலாற்றைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இந்த வேறுபாடுகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் எர்ணாவூரில் இந்த மூன்று பேச்சும் ஒரே கருத்தைத் தாங்கி நிற்கின்றன: நடந்தது தற்செயல் இல்லை, எங்கோ யாரோ அறம் தவறியிருக்கிறார்கள். ஆழிப்பேரலையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டால் இந்தக் கணிப்பில் என்ன பிழை இருக்கிறது? எண்ணெயும் அம்மோனியாவும் தாமாக வந்தவை அல்ல.

படித்தவர்களிடம் இந்தப் பேச்சுக்கு இரண்டு எதிர்வினைகளைப் பார்க்கிறேன். மூடநம்பிக்கை என்று தள்ளுவது ஒன்று. மக்களின் நம்பிக்கை என்று மரியாதையோடு வாய்மூடி நகர்வது மற்றொன்று. இரண்டுமே அந்த நம்பிக்கையோடு வாதிட மறுக்கின்றன. முடிவைப் பற்றிய ஒரு நம்பிக்கையை அது குறிக்கும் நாளைக் கொண்டு அளப்பதில் பயனில்லை. அந்த நாள்வரை என்ன செய்யச் சொல்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே அளவுகோலை மனிதகுலத்தின் தொலைதூர எதிர்காலம் பற்றிப் பேசும் மதச்சார்பற்ற சிந்தனையாளர்கள் மீதும் வைக்க வேண்டும் என்பேன்.

நாள் குறிப்பதன் வரலாறு நீண்டது. மணிமேகலையில் அறவண அடிகள், வரவிருக்கும் புத்தருக்கு 1616 என்று ஆண்டே சொல்கிறார். எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1962 பிப்ரவரி தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது நாடெங்கும் யாகங்கள் நடந்தன. அஷ்டகிரகச் சேர்க்கை உலகத்தை அழித்துவிடும் என்ற அச்சத்தை வயதானவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு திருவிதாங்கூரில், பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப் என்ற வித்துவான் குட்டி, 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். குறித்த காலம் கடந்தது; வருகை ஆவியில் நிகழ்ந்துவிட்டது என்று சொல்லி யுயோமய சபையை நிறுவினார். அவர் இயற்றிய பாடல்களைக் கேரளத் தேவாலயங்கள் இன்றும் பாடுகின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 இரவு முழுவதும் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து கிளைத்த அட்வென்டிஸ்டு சபை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. சில மாதங்களில் உலகம் முடியும் என்று நம்பியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் நடத்துகிறார்கள்.

கணிப்பு பொய்த்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1956இல் எழுதிய நூல் சமூக உளவியலில் வேதவாக்காகவே இருந்துவந்தது. அந்த ஆய்வின் மூல ஆவணங்களைப் படித்து 2025இல் வெளியான கட்டுரை ஒன்று, ஆய்வாளர்களே அந்தக் குழுவுக்குள் தலையிட்டதையும் குழு சீக்கிரமே சிதறியதையும் காட்டியிருக்கிறது. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. பொய்த்த நாளைத் தாண்டிப் பிழைக்கும் இயக்கங்கள் பிடிவாதத்தால் பிழைப்பதைவிட, காத்திருந்த காலத்தில் கட்டியெழுப்பிய வாழ்க்கையால் பிழைப்பதையே நான் கூடுதலாகக் காண்கிறேன்.

இதற்கு நம்மிடமுள்ள ஆகச் சிறந்த சான்று எர்ணாவூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மணலி புதுநகரில் இருக்கிறது. அங்குள்ள அய்யா வைகுண்ட தர்மபதியின் புரட்டாசித் திருவிழாவுக்கு வடசென்னை முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வடசென்னைக்கு வந்த குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த வழிபாடு இது. அதன் அடிப்படை நூலான அகிலத்திரட்டு அம்மானை 1841இல் எழுதப்பட்டது. அச்சில் வந்தது 1939இல்தான். மில்லரின் ஆள்கள் காத்திருந்த அதே பத்தாண்டில், கன்னியாகுமரிப் பக்கத்தில் சாமிதோப்பிலும் யுகத்தின் முடிவு பேசப்பட்டது.

முத்துக்குட்டி என்ற இளைஞர் 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி வைகுண்டராக எழுந்தார் என்பது அடியவர்களின் நம்பிக்கை. அகிலம் சொல்லும் கதையில் குறோணி என்ற கொடியவனின் உடல் ஆறு துண்டுகளாக வெட்டப்படுகிறது; ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறக்கிறது; கடைசித் துண்டு கலியன். அவனோடு தீமை முடிந்து தர்மயுகம் பிறக்கும். இதுவரை இது புராணம். ஆனால் அகிலத்தில் கலி வானத்தில் மிதக்கும் கருத்தாக நிற்பதில்லை. திருவிதாங்கூர் மன்னன் அதில் கலிநீசன். கடல் தாண்டி வந்த வெள்ளையன் வெண்நீசன். பனையேறிகள் மீது சுமத்தப்பட்ட வரிகளும் கூலியில்லா ஊழியமும் கலியின் செயல்களாகவே அங்கே எண்ணப்படுகின்றன. சுவாதித் திருநாள் அரசு வைகுண்டரைக் கைது செய்து திருவனந்தபுரத்தில் சிறைவைத்ததற்குக் காரணம் புரியாமல் இல்லை: யுகம் முடியப்போகிறது என்று சொன்னவர் எந்த அரசு முடியப்போகிறது என்றும் சொல்லிவிட்டார்.

சிறையிலிருந்து வந்த பிறகு அவர் செய்தவற்றைப் பாருங்கள். கடலோரத்தில் சுமார் 700 குடும்பங்களைத் துவையல் தவசில் இருத்தினார்: துவைத்து உடுத்துவது, ஒருவேளைச் சாப்பாடு, கூடிச் செய்யும் வழிபாடு. எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கும் முத்திரிக்கிணறு. சேர்ந்து உண்ணும் பந்தி. தோளுக்குமேல் துணி போடுவதே குற்றமாக இருந்த நாட்டில், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபட வேண்டும் என்ற விதி. கருவறையில் சிலை இல்லை. முன்னே நிற்பவரின் முகத்தைக் காட்டும் கண்ணாடி இருந்தது. இவற்றில் எதற்கும் கலி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தர்மயுகம் வரட்டும் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. வரப்போகிற யுகத்தில் எப்படி வாழ்வோமோ அப்படி இன்றே வாழ்ந்து பழகச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. பேட்ரிக் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஒடுக்கப்பட்ட மக்கள் மதத்தின் வழியாகத் தம் செயலாற்றலை எப்படித் திரட்டிக்கொண்டார்கள் என்று இந்த இயக்கத்தை வைத்தே விளக்குகிறது. முடிவு பற்றிய நம்பிக்கை மக்களை முடக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த 700 குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கணக்கையும் பார்ப்போம். மரபான பஞ்சாங்கக் கணக்கில் கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள், அது கி.மு. 3102இல் தொடங்கியது. அதன்படி இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. கலி முத்தவில்லை, இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது. அகிலம் இந்த நீண்ட கணக்கை ஏற்கவில்லை; முடிவைக் கேட்பவரின் ஆயுளுக்கு அருகே இழுத்துக்கொண்டு வந்தது. வசதியாக இருப்பவர்களுக்குக் காலம் நீளமாக இருப்பதில் தொந்தரவு இல்லை. வரி கட்ட முடியாமல் அடிபடுகிறவனுக்கு 4,26,000 ஆண்டு காத்திரு என்பது தர்மமாகாது. எர்ணாவூரில் "கலி முத்திப்போச்சு" என்கிற குரலில் எனக்குக் கேட்பது அழிவின்மீதான ஆசை அல்ல, இந்த ஏற்பாடு நீடிக்கக் கூடாது என்ற கோரிக்கை.

எனக்கு எதிரான சான்றுகளும் உண்டு, அவை வலுவானவை. அமெரிக்காவில் டேவிட் பார்க்கர், டேவிட் பியர்ஸ் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை நம்புவோர் பருவநிலை மாற்றத்துக்கு எதிரான நடவடிக்கையை ஆதரிப்பது குறைவாக இருப்பது தெரிந்தது. முடியப்போகிற உலகத்துக்காக எதற்குச் செலவு? அமெரிக்கப் பெரியவர்களில் ஐந்தில் இருவர் தாங்கள் கடைசிக் காலத்தில் வாழ்வதாக நம்புகிறார்கள் என்று 2022இல் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு சொன்னது. அந்த நாட்டின் கரியுமிழ்வை நினைத்தால் இது சின்ன விஷயம் அல்ல. மதங்களுக்கே இந்த ஆபத்து தெரியும். வருகை நெருங்கிவிட்டதென்று வேலையை விட்டுவிட்டுத் திரிந்த தெசலோனிக்கேயரைப் புதிய ஏற்பாட்டின் கடிதமே கண்டிக்க வேண்டியிருந்தது. கையில் மரக்கன்று இருக்கும்போது கியாமத் வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொல்லும் நபிமொழி அஹ்மதின் முஸ்னதில் பதிவாகியிருக்கிறது. நடாமல் போகிறவர்கள் இருந்ததால்தானே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது?

ஆனால் அந்த அமெரிக்க ஆய்வு காட்டும் மக்களுக்கும் எர்ணாவூருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தீங்கு தன் வாசலுக்கு வராத வாக்காளருக்கு, முடிவு பற்றிய நம்பிக்கை ஒரு சாக்கு ஆகலாம். தண்ணீரில் நிற்பவருக்கு அப்படி ஆவதில்லை. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் நிரம்பியபோது மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் சீரமைக்க உத்தரவிட்டது. அம்மோனியா கசிவுக்குப் பிறகு பெரியகுப்பம் சுற்றுவட்டார மக்கள் ஆலையை மூடக் கோரிப் பல வாரங்கள் தொடர்ந்து போராடினார்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் கோயிலுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் போகிறவர்கள்தாம். கலி முத்திவிட்டது என்பதும் மனு எழுதுவதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை.

இனி மறுபக்கம். தொலைதூர எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் ஒரு தத்துவப் பள்ளி கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்திருக்கிறது. டெரெக் பார்ஃபிட் 1984இல் எழுதிய நூலில் அதன் வேர் இருக்கிறது: பிறக்கவிருக்கும் மனிதர்கள் எண்ணிலடங்காதவர்கள், எனவே மனிதகுலம் முற்றாக அழிவது மற்றெல்லா அழிவுகளிலிருந்தும் தரத்தில் வேறுபட்டது. டோபி ஆர்ட் 2020இல் வெளியிட்ட நூலில், அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் மனிதகுலம் அழிவதோ மீளமுடியாதபடி சிதைவதோ நேரும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று மதிப்பிட்டார். இவர்களை நான் மதிக்கிறேன். அணு ஆயுதங்களையும் செயற்கையாக உருவாக்கக்கூடிய நோய்க் கிருமிகளையும் பற்றி அவர்கள் எச்சரிப்பது வீண் பயம் அல்ல. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகி இன்னும் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளில் பூமியின் கடல்கள் வற்றிவிடும் என்று வானியல் சொல்கிறது. அவ்வளவு நீண்ட காலம் உயிர்கள் வாழ இடமிருக்கிறது என்ற நினைப்பே மனத்தை விரிக்கிறது. இருந்தும் அவர்களுடைய தராசில் எர்ணாவூருக்கு எடை இல்லை. இனத்தையே அழிக்காத எந்தத் துன்பமும் அந்தக் கணக்கில் வரலாற்றின் சிறு சுணக்கம் ஆகிவிடுகிறது. எண்ணெயும் சாம்பலும் அம்மோனியாவும் சேர்ந்தாலும் மனிதகுலத்தை அழித்துவிடாது. ஆகவே அவை பட்டியலிலேயே ஏறாது.

இது ஏன் தவறு என்பதற்கு இந்தக் கரையின் சொந்த வரலாறே போதும். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876இல் தொடங்கியது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எர்ணாவூர்வரை கடல் அரித்துக்கொண்டு போனது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, பாறை கொட்டினார்கள், இப்போது தூண்டில் வளைவுகள் கட்டுகிறார்கள், ஒவ்வொரு வளைவும் தனக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்கு அரிப்பைத் தள்ளிவிடுகிறது. அந்தத் துறைமுகத்தைத் திட்டமிட்டவர்களுக்கு நாம்தான் தொலைதூர எதிர்காலம். அவர்கள் வளத்தையும் வணிகத்தையும் பின்வந்தவர்களுக்கு விட்டுச்சென்றார்கள் என்பது உண்மை. யாருக்கு வளம், யாருக்கு அரிப்பு என்பதைச் சொல்லவில்லை. மனிதகுலம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மெரினாவையும் எர்ணாவூரையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

முடிவு பற்றிய கதை உயிரைக் காக்கவும் செய்யும் என்பதற்கு 2004லேயே சான்று கிடைத்தது. ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907இல் ஒரு பேரலை அடித்திருந்தது. நிலம் குலுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை அம்மக்கள் பாட்டாகவும் கதையாகவும் தலைமுறைகளுக்குக் கடத்தினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் 2004இல் இறந்தவர்கள் ஏழு பேர். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நம்மிடம் கடல்கோள் கதை இல்லாமலா போயிற்று? களவியல் உரை முதல் இரு சங்கங்களின் நிலத்தையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. இந்திர விழாவை மறந்ததால் புகார் கடலில் மூழ்கியதை மணிமேகலை சொல்கிறது. ஊழி வெள்ளத்தில் மிதந்த தோணியைச் சீர்காழியும் மிதந்த குடத்தைக் கும்பகோணமும் தலபுராணமாக வைத்திருக்கின்றன. நாம் அவற்றைத் தொலைந்த பெருமையின் ஆதாரமாக மேடைகளில் ஏற்றினோம். கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதே என்ற ஒற்றை வாக்கியமாகக் குப்பங்களில் இறக்கவில்லை. ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது என்பது ஆறுதல். ஆனால் அது கடலுக்கு மட்டும்தான். ஆழிப்பேரலைக்கு மேற்கே ஓட வேண்டும். டிசம்பரின் வடகிழக்குக் காற்றில் அம்மோனியா கசிந்தால் அதே மேற்குத் திசையில் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும், ஈரத்துணியால் மூக்கைப் பொத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பதியின் பந்தியையும் ஞாயிறு ஆராதனையையும் வெள்ளி ஜும்ஆவையும்விடப் பரந்த அவை எர்ணாவூரில் வேறு எது?

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தினாலும் அடுத்த 2,000 ஆண்டுகளில் கடல் மட்டம் 2 முதல் 3 மீட்டர் உயரும். 2 பாகை என்றால் 2 முதல் 6 மீட்டர். எர்ணாவூர் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. 2,000 ஆண்டுகள் என்பது சங்கப் பாடல்கள் நமக்குப் பின்னால் இருக்கும் அதே தொலைவு. தமிழர்களான நாம் 2,000 ஆண்டுகளை நம்முடையதென்று உரிமை கொண்டாடிப் பழகியவர்கள். முன்னோக்கியும் அதே தொலைவை எண்ண நமக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. சாம்பல் குளத்திலிருந்து ஆற்றுச் சேற்றில் இறங்கும் கன உலோகங்கள் அந்தக் காலம் முழுவதும் மக்காமல் கிடக்கக்கூடியவை.

இந்தக் கரையில் புதிய அனல்மின் அலகுக்கோ துறைமுக விரிவாக்கத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆலையின் ஆயுளோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. விண்ணப்பிப்பவர் இன்னும் இரண்டு கணக்குகளை எளிய தமிழில் எழுதித் தர வேண்டும்: ஆலை மூடப்பட்டு 100 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் குப்பங்களில் தரைமட்டமும் மணலும் தண்ணீரும் எப்படி இருக்கும், கழிவை அகற்றும் செலவுக்கான பணம் இன்றே யார் பெயரில் வைக்கப்படுகிறது. அந்தத் தாள் கூட்டத்தில் வாசிக்கப்படும்வரை அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும்.